வஹாக்காவில் ‘ஏழு மோலே’ டூர்: முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மெக்சிகோவின் வஹாக்கா நகரத்துக்குப் போய், ஊர்ச் சாப்பாட்டைச் சுற்றிக் காட்டும் டூர் ஒன்றில் சேரலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் அக்கா, மாமா, நான் மூவரும் 5,550 பேசோ கட்டி அப்படி ஒன்றில் போனோம். பணம் போனது போகட்டும். பன்னிரண்டு வயதிலிருந்து முட்டைகூடத் தொடாத என் அக்காவுக்குப் பன்றிக் கொழுப்பைக் கொடுத்துவிட்டார்கள். அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

நான் வேலைக்காக மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் இருக்கிறேன். ஸ்பானிஷ் ஓரளவு பேசுவேன். அக்காவும் மாமாவும் கோயம்புத்தூரிலிருந்து மூன்று வாரம் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கென்றே ஓர் ஊருக்குப் போவதென்றால் மெக்சிகோவில் பலரும் முதலில் சொல்வது வஹாக்காவைத்தான். 2010-இல் மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்களைக் கூட்டிப்போனவர்கள் அதை விளம்பரத்தின் தலையிலேயே போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை த்லாகொலூலா சந்தையில் இரண்டு மணி நேரம், சாபோதெக் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பாட்டி வீட்டில் கல்லில் அரைத்துச் சமைப்பதைக் கற்பது, மோலே எனப்படும் கெட்டிக் குழம்பில் ஏழு வகையும் ருசிப்பது, அதிகபட்சம் ஆறு பேர், சைவத்துக்குத் தனி ஏற்பாடு என்று இருந்தது. பன்றிக் கொழுப்பு இருக்கவே கூடாது என்று நான் வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் “நூறு சதவீதம் வெஜிடேரியன்” என்று பச்சை இதயப் படத்தோடு பதில் வந்தது. அதை நம்பிப் பாதிப் பணத்தை முன்கூட்டியே அனுப்பினேன். அந்தப் பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பாது என்ற வரி, பணம் போன பிறகு வந்த ரசீதில்தான் இருந்தது.

காலை 8 மணிக்கு வர வேண்டிய வேன் 9.20-க்கு வந்தது. உள்ளே 14 பேர். எங்களோடு 17. முதலில் ஒரு கம்பளக் கடையில் ஐம்பது நிமிஷம், அப்புறம் மெஸ்கால் என்ற மது விற்கும் கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டுமே திட்டத்தில் கிடையாது. வாங்குகிறவர்களுக்கு கைடு பக்கத்தில் நின்று பில் போட்டுக் கொடுத்ததைப் பார்த்தால், கமிஷன் எங்கே போகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

த்லாகொலூலா, வஹாக்கா நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் தூரம்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணியாகிவிட்டது. கிடைத்தது 35 நிமிஷம். அந்தச் சந்தையை 35 நிமிஷத்தில் பார்ப்பது என்றால் அது அநியாயம். ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டார மலைக்கிராமங்களிலிருந்து ஜனங்கள் இறங்கி வருவார்கள். உயிர் வான்கோழியைக் கையில் பிடித்தபடி பெண்கள் நிற்பார்கள். காய்ந்த மிளகாய் வகைவகையாகக் குவிந்து கிடக்கும். கறிக்கடைகள் இருக்கும் கூடத்தில் கரி அடுப்புகள் இருக்கின்றன. கறியை வாங்கி நாமே அதில் சுட்டுச் சாப்பிடலாம். மாமா அந்த அடுப்புப் புகையைப் பார்த்து நின்றார். கைடு விசில் அடித்துக் கூப்பிட்டான்.

கூப்பிட்டது மெமெலா கொடுக்க. மெமெலா என்பது மக்காச்சோள மாவைத் தட்டித் தடிமனாகக் கல்லில் சுட்டு, மேலே அரைத்த பீன்ஸும் சீஸும் தூவித் தருவது. எல்லாருக்கும் ஒரே தட்டிலிருந்து எடுத்து நீட்டினான். அக்கா வாங்கும்போது, “இதில் என்ன இருக்கிறது?” என்று மறுபடியும் கேட்டாள். பீன்ஸும் சீஸும் மட்டும்தான் என்றான். அக்கா பாதி சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, “நெய்க் கசண்டு வாசம் வருதுடா, நல்லா இருக்கு” என்றாள். என் கையில் இருந்ததை அப்போதுதான் கடித்தேன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பீன்ஸுக்கு அடியில் பழுப்பாக, பொடிப்பொடித் துணுக்கோடு தடவியிருந்தது அசியென்தோ. பன்றிக் கொழுப்பை உருக்கும்போது அடியில் தங்கும் கசண்டு அது. வஹாக்காவில் மெமெலாவுக்கும், த்லாயுதா என்ற பெரிய மக்காச்சோள ரொட்டிக்கும் அதுதான் ருசி. ஊர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடுவது. அதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்டவருக்கு மறைத்துக் கொடுத்ததுதான் குற்றம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் எதுவும் பேசவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் வாய் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். கைடிடம் போய்க் கேட்டால், “அது இறைச்சி இல்லையே” என்கிறான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மெக்சிகோவில் “சின் கார்னே”, அதாவது கறி இல்லாமல் என்று கேட்டால், பல இடங்களில் கறித்துண்டு இல்லை என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். பன்றிக் கொழுப்பும் கோழி வேகவைத்த தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், தமாலே என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டை மாவில் அதைப் பிசைவார்கள், சோற்றைக் கோழித் தண்ணீரில் வேகவைப்பார்கள். அதனால் பெயர் சொல்லிக் கேளுங்கள்: “சின் மான்தேகா, சின் அசியென்தோ, சின் கால்தோ தெ போயோ.” பன்றிக் கொழுப்பு வேண்டாம், கசண்டு வேண்டாம், கோழித் தண்ணீர் வேண்டாம். இதை டூர்க்காரரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், அடுப்புக்கு முன்னால் நிற்பவரிடமே கேளுங்கள்.

அடுத்து பாட்டி வீடு. அது வீடே இல்லை, சாலையோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் பின்கட்டு. அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா, பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு மெத்தாத்தேக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். மெத்தாத்தே நம் அம்மி மாதிரிதான். எரிமலைக் கல், மூன்று கால், முன்பக்கம் சரிவு. ஊறவைத்த மிளகாய் ஒரு கைப்பிடி வைத்து நான்கு இழுப்பு இழுத்தார். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். கற்றுக்கொள்ளும் வகுப்பு அத்தோடு முடிந்தது. அக்காதான் கவனித்தாள். “அந்தக் கல்லைப் பாரு. ஓரமெல்லாம் காஞ்சு தூசி படிஞ்சிருக்கு. இன்னிக்கு இதுல எதுவும் அரைக்கல” என்றாள். அம்மியில் அரைத்து வளர்ந்தவள் கண்ணுக்கு அது தப்புமா?

அப்புறம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஏழு மோலே வந்தது. நெக்ரோ, ரோஹோ, கொலொராதீத்தோ, அமரீயோ, வேர்தே, சிசீலோ, மன்சமன்தேலெஸ். மோலே என்றால் பெரும்பாலும் மிளகாயை அடிப்படையாக வைத்து அரைத்துக் காய்ச்சும் கெட்டிக் குழம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்க வேண்டும். வேர்தே பச்சை மூலிகைகளை அரைத்துக் கடைசியில் சேர்ப்பது, அதனால் நிறமும் வாசமும் பச்சையாக எழும்ப வேண்டும். எங்களுக்கு வந்தது பழைய கீரைக் கடைசல் நிறம். மன்சமன்தேலெஸில் அன்னாசி, வாழைப்பழம் போடுவார்கள். எங்கள் கிண்ணத்தில் இருந்தது சர்க்கரை இனிப்பு மட்டும். சிவப்பாக வந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ருசித்தால் எது ரோஹோ, எது கொலொராதீத்தோ என்று சொல்ல முடியாது.

நெக்ரோ என்ற கறுப்பு மோலேயைக் காட்டி, இது சில்வாக்லே மிளகாயில் இன்று காலை செய்தது என்றான் கைடு. சில்வாக்லே வஹாக்காவின் கன்யாதா பகுதியில் கொஞ்சமாக விளைகிற மிளகாய். விலை அதிகம். அது கிடைக்காதபோது வேறு மிளகாய் போட்டுச் செய்கிற வீடுகள் ஏராளம், அதை யாரும் ஒளிப்பதில்லை. இதுதான் அது என்று சொல்லிப் பணம் வாங்குவதுதான் மோசடி.

கழிப்பறை தேடிப் போனபோது அடுக்களை வழியாகப் போக வேண்டியிருந்தது. மூலையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிகள். ஒன்றில் கறுப்பு விழுது, ஒன்றில் சிவப்பு. மேலே கம்பெனி லேபிள். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். நான் ஸ்பானிஷில் வணக்கம் சொல்லி, மோலே நீங்கள் செய்ததா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் வாளியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். “அவர்கள் கொண்டுவருவது. நான் கோழித் தண்ணீர் விட்டுக் கரைப்பேன்” என்றார். ஒரு குழு வந்தால் அவருக்கு 200 பேசோ. ஒருவரிடம் வாங்கியது 1,850 பேசோ, வந்தவர்கள் 17 பேர். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் கறுப்பு மோலே எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டதும் அந்த முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். மிளகாயைக் கறுக்க வறுப்பது, விதையைத் தனியாக எரித்து ஊறவைத்துக் கசப்பை எடுப்பது, எள், பாதாம், உலர்திராட்சை, வாழைப்பழம், ரொட்டி எல்லாம் ஒவ்வொன்றாக வறுப்பது, கிராம்பு, பட்டை, அவகாடோ இலை, கடைசியில் சாக்லேட் போட்டு அடிப்பிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டுவது. கையால் துழாவிக் காட்டிக்கொண்டே சொன்னார். இரண்டு நாள் வேலை என்றார். இந்த டூரில் வந்த யாரும் அதைத் தன்னிடம் கேட்டதில்லை என்றும் சொன்னார். இப்படி ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு வாளி விழுதைக் கரைக்கச் சொல்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோழித் தண்ணீர் என்று தெரிந்த பிறகு அக்கா ஒரு கிண்ணத்தையும் தொடவில்லை. அன்று முழுக்க அவளுக்குக் கிடைத்தது ஒரு வாழைப்பழமும் தண்ணீரும்.

திரும்பும்போது மீதிப் பணம். மொத்தத் தொகைக்கு 15 சதவீதம் டிப்ஸ் என்று 832 பேசோ சேர்த்திருந்தான். மெக்சிகோவில் டிப்ஸ் கொடுப்பவர் விருப்பம். கட்டாயம் என்று யாரும் கேட்க முடியாது. வேனில் எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தினான். மாமா கார்டை நீட்ட, மெஷினில் பேசோவா ரூபாயா என்ற கேள்விக்கு அவனே ரூபாயை அமுக்கிவிட்டான். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். மெஷினை உங்கள் கையில் வாங்கிப் பேசோவை நீங்களே அமுக்குங்கள்.

மறுநாள் புகார் எழுதினேன். “ருசி ஆளுக்கு ஆள் மாறும்” என்று பதிலும், அடுத்த டூருக்கு 10 சதவீதத் தள்ளுபடியும் வந்தன. நுகர்வோர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான ப்ரோஃபெகோவில் வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம், ரசீது எல்லாம் வைத்து மனு கொடுத்திருக்கிறேன். விளம்பரத்தை அன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. இப்போது அதில் “அதிகபட்சம் ஆறு பேர்” என்ற வரியை எடுத்துவிட்டார்கள்.

டூரே வேண்டாம் என்று சொல்லவில்லை. நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் அனுப்பும் முன் எழுத்தில் கேளுங்கள். எத்தனை பேர்? எந்தெந்தக் கடையில் நிற்போம்? மோலே எங்கே, யார், எப்போது செய்தது? சமைக்கிறவருக்கு எவ்வளவு போகிறது? கைடுக்கு சுற்றுலாத் துறை அடையாள அட்டை உண்டா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். முழு முன்பணம் கேட்டாலும் விட்டுவிடுங்கள்.

நாங்கள் மறுநாள் கைடு இல்லாமல் நகரத்துக்குள்ளேயே பெனித்தோ ஹுவாரெஸ் சந்தைக்குப் போனோம். ஒரு பெண் பெரிய மண்பாத்திரத்தில் தெஹாதே வைத்திருந்தார். மக்காச்சோளம், கொக்கோ, மமேய் பழக்கொட்டை, கொக்கோப் பூ என்று நாங்கள் கேட்காமலேயே சொல்லி, மேலே மிதந்த வெள்ளை நுரையோடு குடுக்கையில் மொண்டு கொடுத்தார். குளிர்ச்சியாக, லேசான மண்வாசத்தோடு இருந்தது. அக்கா முழுவதும் குடித்தாள்.

கொஞ்சம் தள்ளித் தெருமுனையில் ஒருவர் மெமெலா சுட்டுக்கொண்டிருந்தார். அக்காவே அந்த ஸ்பானிஷ் வரியைத் திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் பீன்ஸ் சட்டியைக் காட்டித் தலையசைத்து, “இதில் மான்தேகா இருக்கிறது, உங்களுக்கு வேண்டாம்” என்றார். கல்லை ஈரத்துணியால் துடைத்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மாவை ஓர் உருண்டை எடுத்துத் தட்டிப் போட்டு, சீஸும் அரைத்த மிளகாயும் மட்டும் வைத்துக் கொடுத்தார். 25 பேசோ. அக்கா முதலில் முகர்ந்து பார்த்தாள், அப்புறம் இரண்டு சாப்பிட்டாள்.