சுற்றும் வளையம்: ஒரு 17–50 எஃப்/2.8 லென்ஸோடு நெடுநாள் பழகியதில்

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த என் 17–50 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸ் திரும்பி வந்துவிட்டது (17 அகன்ற காட்சி, 50 நெருங்கிய காட்சி; எஃப் எண் சிறிதானால் ஒளி புகும் துளை பெரிது). அதே வாரத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களின் விலை சரிந்து கிடக்கிறதே, கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) கேமராவுக்கு எஃப்/2.8 ஜூம் ஒன்று பழையதாக வாங்கிப்போடலாமா? ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். எழுத உட்கார்ந்தபோது கோபமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

லென்ஸின் பெயர் வேண்டாம். இதே அமைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் லென்ஸ் செய்தன; என் சண்டை அந்த அமைப்போடுதான். எடை என்ன, உள்ளே எத்தனை கண்ணாடி என்பதெல்லாம் இதைப் படிக்க வருகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

பழுதின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது, துளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடுகளும் ஒரு கண்ணாடித் தொகுதியோடு சேர்ந்து உள்ளே முன்னும் பின்னும் நகர்கின்றன. அந்தத் தகடுகளை இயக்கும் சிறு மோட்டாருக்கு ஆணையும் மின்சாரமும் மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்றின் வழியாகப் போகின்றன. ஒவ்வொரு ஜூமுக்கும் அந்தக் கேபிள் மடங்கி விரிகிறது. ஆண்டுக்கணக்கில் மடங்கி விரிந்தால் எந்தச் செம்புத் தடமும் ஒருநாள் இற்றுப்போகும், என்னுடையதும் இற்றது. அறிகுறிதான் வேடிக்கை. எஃப்/2.8-இல் எடுத்தால் படம் ஒழுங்காக விழும். எஃப்/4 வைத்தால் கேமரா பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். வேலையில்லாத நேரத்தில் தகடுகள் முழுக்கத் திறந்தே கிடக்கின்றன. முழுத் துளையில் எடுக்கும்போது மோட்டார் எதையும் அசைக்க வேண்டியதில்லை. கொஞ்சமாவது மூடச் சொன்னால்தான் அறுந்த தடம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. கேனன் 1987-இல் ஈஎஃப் மவுண்ட்டை (லென்ஸைக் கேமராவில் மாட்டும் இணைப்பை) கொண்டுவந்தபோதே துளையை மின்சாரத்தால் இயக்கத் தொடங்கிவிட்டது. நிக்கானின் எஃப் மவுண்ட்டில் நெடுங்காலம் கேமராவுக்குள் இருக்கும் நெம்புகோல் ஒன்றுதான் அந்த வேலையைச் செய்தது. அந்த வகை லென்ஸில் இந்தக் கேபிளுக்கு வேலையே இல்லை.

கேபிளை மாற்றினார்கள், சரியாகிவிட்டது. இதற்காக நான் கோபப்படவில்லை. அசைகிற பொருள் தேயும், தேய்ந்தால் மாற்றலாம். ஆனால் பழுதுபார்த்தவரிடம் இன்னொன்றையும் கேட்டேன்: தானியங்கி ஃபோகஸ் ஓடும்போது ஃபோகஸ் வளையமும் கூடவே சுற்றுகிறதே, அதற்கு ஏதாவது செய்ய முடியுமா? அது பழுது இல்லை, செய்ததே அப்படித்தான் என்றார். இந்தப் பதில்தான் என்னை எரியவைக்கிறது. கெட்டுப்போனது சரியாகிவிட்டது, நன்றாக இருப்பதுதான் சரியாகாது.

இதைக் கையில் பிடிக்காதவர்களுக்கு விளக்க வேண்டும். கேமராவின் அடிப்பகுதி இடது உள்ளங்கையில் அமர்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் முன்னோக்கி நீண்டு ஜூம் வளையத்தைப் பிடிக்கின்றன. ஜூம் வளையம் கேமராவுக்கு அருகே, ஃபோகஸ் வளையம் அதற்கு முன்னால். 50 மி.மீ. பக்கம் போகும்போது குழல் வெளியே நீள்கிறது, எடை முன்னால் சாய்கிறது, தாங்குவதற்காக விரல்களும் தாமாகவே முன்னால் நகர்கின்றன. அங்கேதான் அந்த வளையம் காத்திருக்கிறது. ஷட்டர் பொத்தானை அரை அழுத்தம் அழுத்தியதும் மோட்டார் கிளம்புகிறது, விரல் நுனியில் வளையம் பிடிபட்ட ஓணான்போல் திமிறுகிறது. விரலை எடுக்காவிட்டால் மோட்டார் முனகுகிறது. ஃபோகஸ் பாதி வழியில் தயங்குகிறது. கேமராவோ, தன் பங்குக்கு ஃபோகஸ் கிடைத்துவிட்டது என்று பச்சைப் புள்ளியைக் காட்டிவிடுகிறது சில நேரங்களில். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக இருக்கிறது.

கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தால் இன்னும் மோசம். அந்த நிலையில் கையின் பிடிமானம் மாறுகிறது, எந்த விரல் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஓடும் குழந்தையைத் தொடர் ஃபோகஸில் பின்தொடர்ந்தால் வளையம் முன்னும் பின்னும் விடாமல் நடுங்குகிறது. காணொளி எடுத்தால் மோட்டாரின் குரலும் சேர்ந்து பதிவாகிறது.

இன்னொரு பாதகம் உண்டு. ஃபோகஸ் பிடித்த பிறகு மயிரிழை திருத்த வேண்டுமென்றால் வளையத்தைக் கையால் திருப்ப முடியாது. மோட்டாரும் வளையமும் பல்சக்கரத்தால் நேரடியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. பலவந்தமாகத் திருப்பினால் பல் தேயும். பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சை கைமுறைக்குத் தள்ளிவிட்டுத்தான் தொட வேண்டும். அப்படித் தள்ளிவிட்டாலும் பயன் குறைவு, ஏனென்றால் அண்மையிலிருந்து முடிவிலி வரைக்கும் வளையம் கால்வட்டம்கூடச் சுற்றுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் ஃபோகஸ் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது.

இது தவிர்க்க முடியாத தொல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வளைய வடிவ அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வில் இயங்கும்) மோட்டாரோடு, மோட்டாரின் அசைவையும் கையின் அசைவையும் தனித்தனியே ஏற்கும் ஓர் இணைப்பைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும். வளையம் சும்மா இருக்கும், வேண்டும்போது கையாலும் திருத்தலாம். 2006-இல் வந்த கேனன் ஈஎஃப்-எஸ் 17–55 எஃப்/2.8-இல் இது இருந்தது. ஆக, வழி தெரியாமல் இல்லை, செலவைக் குறைத்தார்கள். பெட்டியின் மேல் அல்ட்ராசோனிக் என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வளைய வடிவ மோட்டாருக்கும் அதே பெயர், பல்சக்கரம் சுற்றும் குட்டி மோட்டாருக்கும் அதே பெயர்.

சரி, நியாயமும் பேச வேண்டும். இந்த லென்ஸ் எடுத்துக்கொடுத்த படங்களைப் பார்த்தால் கோபம் பாதி இறங்கிவிடுகிறது என்பதுதான் உண்மை.

எஃப்/2.8 என்ற எண்ணின் பெருமையை 17-இல் தேடக்கூடாது. கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸே அந்த முனையில் எஃப்/3.5 தருகிறது, வேறுபாடு முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). 50-க்குப் போங்கள். அங்கே கிட் லென்ஸ் எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடும், இது எஃப்/2.8-இலேயே நிற்கும். இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். 1/30 நொடியில் தலையாட்டிக் குழம்பிப்போகும் முகம் 1/125-இல் நிற்கிறது. இதில் நடுக்கக் குறைப்பும் இருக்கிறது, ஆனால் அது என் கை நடுக்கத்தை மட்டுமே பார்த்துக்கொள்ளும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அதனிடம் மருந்து கிடையாது. நூலகம், மேடை, மாலை வெளிச்சம் வரும் ஜன்னலோரம் என்று ஃபிளாஷ் போட முடியாத, போடக்கூடாத இடங்களில் நான் எடுத்த நல்ல படங்கள் பெரும்பாலும் இதில் எடுத்தவைதான்.

நான் எதிர்பார்க்காத இன்பம், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் கிடைத்தது. டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் விழும் நொடி வரைக்கும் லென்ஸ் முழுத் துளையிலேயே திறந்திருக்கும். எஃப்/8-இல் எடுக்கப்போனாலும் கண்ணுக்குத் தெரிவது எஃப்/2.8-இன் வெளிச்சம். கிட் லென்ஸிலிருந்து இதற்கு மாறியபோது வியூஃபைண்டருக்குள் யாரோ விளக்கேற்றிவிட்டார்கள். மங்கிய அறையில் முகபாவம் தெரிகிறது. தெரிவதால் சரியான நொடிக்குக் காத்திருக்க முடிகிறது. சில கேமராக்களில் நடு ஃபோகஸ் புள்ளி, எஃப்/2.8 அல்லது அதைவிட வேகமான லென்ஸ் மாட்டினால் கூடுதல் துல்லியத்தோடு இயங்கும். என் கேமராவும் அப்படிப்பட்டது. என் விரல் வளையத்தைத் தடுக்காதபோது அந்தத் துல்லியம் நன்றாகவே தெரிகிறது.

பின்புலம் கரைவதைப் பற்றிக் கனவு காண வேண்டாம். கிராப் சென்சாரில் எஃப்/2.8 தரும் புல ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ எஃப்/4.2 தருவதற்குச் சமம். வெளிச்சத்தின் கணக்கு மாறாது, மங்கலின் கணக்கு மாறும். முகத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் எளிய 50 மி.மீ. எஃப்/1.8 இதைவிட நன்றாகச் செய்யும். அதில் ஜூம் இல்லை, அவ்வளவுதான்.

கண்ணாடியின் தரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடுப்பகுதி முழுத் துளையிலேயே கூர்மை. 17-இல் மூலைகள் சோம்பல்; எஃப்/5.6-க்கு மூடினால் விழித்துக்கொள்கின்றன. அதே முனையில் நேர்க்கோடுகள் வெளிப்புறம் புடைக்கும், மென்பொருள் நிமிர்த்திவிடும். உள்ளே தூசி புகுந்திருக்கிறது. குழல் நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளிழுத்தால் தூசியும் சேர்ந்துதான் வரும். படத்தில் அது தெரிவதில்லை. சூரியன் நேரே எதிரில் இருந்தால் ஒருவேளை கொஞ்சம் வெளிறும். இணையத்தில் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் படம் எடுத்துப் போட்டுப் புலம்புகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. என் வளையத்தைப் பற்றி நான் புலம்புவது அவர்களுக்கும் புரியாமல் இருக்கலாம்.

டிஎஸ்எல்ஆரில் உள்ளே இருக்கும் ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இந்தச் சண்டையே முடிந்துவிட்டது. அங்கே ஃபோகஸ் வளையம் மின்னணு முறையில் இயங்குகிறது. கை திருப்புவதைச் சென்சார் படித்து மோட்டாருக்குச் சொல்கிறது, மோட்டார் ஓடும்போது வளையம் அசைவதே இல்லை. 2021-இல் வந்த சிக்மா 18–50 எஃப்/2.8 சோனி மவுண்ட்டில் வெறும் 290 கிராம். நடுக்கக் குறைப்பு அதில் இல்லை. அது வேண்டுமென்றால் அதே ஆண்டில் விற்பனைக்கு வந்த டாம்ரான் 17–70 எஃப்/2.8 இருக்கிறது, 525 கிராம். இவற்றைக் கடன் வாங்கிப் பார்த்திருக்கிறேன். விரல்களுக்கு எங்கே வேண்டுமானாலும் இருக்க விடுதலை கிடைத்தது. ஆனால் இவற்றின் ஃபோகஸ் வளையத்துக்கு இரு முனையிலும் தடுப்பு இல்லை, அது சுற்றிக்கொண்டே போகும். முடிவிலி எங்கே என்று விரலுக்குத் தெரியாது. அந்த ஒன்றில் மட்டும் என் முரட்டு லென்ஸே மேல்.

நான் இப்போது எப்படிச் சமாளிக்கிறேன் என்றால், ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிவிட்டேன். முதலில் ஜூம், பிறகு விரல்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பின்பொத்தானில் ஃபோகஸ், பிறகு ஷட்டர். நிற்கிற ஆட்களுக்கு இது போதும். ஓடுகிறவர்களுக்குப் போதாது. கைக்கு ஏற்பக் கருவி இருக்க வேண்டிய இடத்தில் கருவிக்கு ஏற்பக் கையைப் பழக்கியிருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் மறுபடியும் கோபம் ஏறுகிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மேலே எழுதிய பாராட்டு அத்தனையும் உண்மை, அப்படியும் வாங்காதீர்கள். டிஎஸ்எல்ஆரிலேயே தொடர்வதென்றால் வளையம் சுற்றாத ஒன்றைத் தேடுங்கள், கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடு என்றார். தரமாட்டேன். அடுத்த வாரம் ஒரு மேடை நிகழ்ச்சி எடுக்க வேண்டியிருக்கிறது, வேறு எதை நம்பிப் போவது?

என் பேச்சைக் கேட்காமல் பழையது வாங்கப்போகிறவர்கள் விற்பவரின் எதிரிலேயே சிலவற்றைச் செய்து பார்க்கட்டும். துளையை எஃப்/8-க்கு வைத்து, 17-இலிருந்து 50 வரைக்கும் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையிலும் படம் எடுக்க வேண்டும். இற்றுக்கொண்டிருக்கும் கேபிள் தொடக்கத்தில் ஏதோ ஒரு நிலையில் மட்டுமே பிழை காட்டும். எஃப்/2.8-இலேயே எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வந்துவிடக்கூடாது. லென்ஸைத் தரையை நோக்கிக் கவிழ்த்து, குழல் தானாக நழுவி நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, வழக்கமாகப் பிடிக்கிற மாதிரியே கையில் பிடித்துக்கொண்டு, அருகில் ஒன்று தொலைவில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்து பார்க்கட்டும். விற்பவர் அவசரப்படுத்தினாலும் இதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.