13 கிழமைக்கு ஓர் ஊர்: பயணத் தாதியாக எங்கே தொடங்கலாம்?

தங்கையின் மகள் மட்டக்களப்பு தாதியர் கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கிறாள். போன மாதம் கல்லடிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது கேட்டாள்: "பெரியம்மா, அமெரிக்காவில் 13 கிழமைக்கு ஓர் ஊர் என்று மாறி மாறி வேலை செய்கிறார்களாமே, நான் நேரே அதில் தொடங்க முடியாதா?"

முடியாது. அந்த 13 கிழமை ஒப்பந்தம், ஆள் குறைந்த வைத்தியசாலைக்கு முகவர் நிறுவனம் அனுப்பும் ஆளுக்கானது. போன கையோடு நோயாளிகளைப் பொறுப்பேற்க வேண்டும். பழக்கிவிட அங்கே யாருக்கும் நேரமில்லை என்பதால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதற்கு முன் அமெரிக்கத் தாதியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் பரீட்சை, பிறகு ஆண்டுக்கணக்கில் நகரும் குடியேற்ற விசா வரிசை. அழைத்த வைத்தியசாலையும் இரண்டு மூன்று ஆண்டு தன்னிடமே வைத்துக்கொள்ளும். உரிமமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒரே உரிமத்தை ஏற்கும் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டன. கலிபோர்னியா இன்னும் வெளியே நிற்கிறது. ஆகவே அது கடைசிப் படி.

வளைகுடா கைக்கு எட்டும் தூரம். நானும் அங்கேதான் போனேன். வருமான வரி இல்லை, தங்குமிடமும் விமான டிக்கெட்டும் பெரும்பாலும் வைத்தியசாலையின் செலவு. வீட்டுக் கடனை அடைக்க நினைப்பவர் வேறு பக்கம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அங்கும் அனுபவம் கேட்பார்கள், உரிமத்துக்குப் புரோமெட்ரிக் என்ற கணினிப் பரீட்சையும் உண்டு. அதைவிடப் பொறுமையைச் சோதிப்பது டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு. சான்றிதழ் வழங்கிய இடத்துக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். என் கல்லூரிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக இருந்தது, கடவுச்சீட்டில் முழுப்பெயர். இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பியும் மூன்று மாதம் போயிற்று. முகவரோ "நாளை வரும்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

ஊர் மாறும் ஆசைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு இடமில்லை. ஐக்கிய அரபு அமீரகத்துக்குள்ளேயே துபாய்க்கு ஓர் உரிமம், அபுதாபிக்கு வேறொன்று, மற்ற அமீரகங்களுக்குச் சுகாதார அமைச்சின் உரிமம். ஒரே சிறிய நாட்டில் மூன்று அதிகார சபைகள்! சவூதிக்குப் போனால் அதற்கென்று தனி ஆணையம். 'அலம்' என்றால் வலி என்பதை வார்டில் முதல் நாளே கற்றுக்கொண்டேன். மற்ற அரபு மெதுவாக வந்தது.

பிரித்தானியாவில் இது நேர்மாறு. தாதியர் மற்றும் மருத்துவிச்சியர் பேரவையில் ஒருமுறை பதிந்தால் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கிலும் செல்லும். ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ் அல்லது ஓ.ஈ.டி, பிறகு கணினிப் பரீட்சை, அங்கே போனதும் 10 நிலையங்கள் கொண்ட செய்முறைப் பரீட்சை. உரிமம் நாடு முழுக்கச் செல்லும், கால்தான் கட்டப்பட்டிருக்கும். விசா உங்களை அழைத்த முதலாளியோடு பிணைக்கப்பட்டது, வேறிடம் போக அங்கிருந்து புதிய அனுசரணை வேண்டும். ஆங்கிலப் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் தடுக்கி விழும் பிள்ளைகளை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவுக் குறை இல்லை, எழுதிப் பழகாத குறை.

அவுஸ்திரேலியாவும் 2010 முதல் நாடு முழுமைக்கும் ஒரே பதிவுதான். உட்பகுதிகளுக்குக் குறுகிய ஒப்பந்தத்தில் தாதியர் போகும் வழக்கம் அங்கே உண்டு. அவளுடைய கனவுக்கு மிக நெருங்கியது அதுவே. செலவும் தூரமும் வேறு கதை.

ஆனால் எல்லா வழிக்கும் முதல் வாசல் ஊர்தான். அம்பாறைப் பக்கம் நியமனம் கிடைத்தால் சிங்களம் தானாக வாயில் வரும். போதனா வைத்தியசாலையில் இரண்டு ஆண்டு நின்றால் எந்தப் பரீட்சைக்கும் கை தயாராகும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மகிழடித்தீவு போன்ற சிறிய வைத்தியசாலைக்கு அனுப்பினால் பலர் முகம் சுளிக்கிறார்கள். நான் அதையே விரும்புவேன். அங்கே பெரிய வைத்தியசாலை வார்டுபோல் பத்துத் தாதியர் இருக்க மாட்டார்கள், எல்லா வேலையும் உங்கள் கையில்தான் வரும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை எங்கள் காலத்துத் தாதியர் தோணியேறித்தான் வேலைக்குப் போனார்கள். பயணத் தாதி என்று அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 2022 நெருக்கடியின்போது அரச ஊழியர் 5 ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகச் சுற்றறிக்கை வந்தது. அனுமதி இல்லாமல் புறப்பட்டால் வேலையைக் கைவிட்டதாகவே கணக்கு. பயிற்சிக்குச் சேரும்போது கையெழுத்திட்ட பிணைப்பத்திரத்தையும் எடுத்து வாசிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "வீட்டுக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்" என்றேன். அன்றிரவு படம் அனுப்பினாள். அவளுடைய அப்பாவின் பெயர் இரண்டிலும் இரண்டு விதமான எழுத்தில் இருந்தது.