சண்டிகர் ராக் கார்டன்: ஒரு வயரிங்காரன் பார்வையில்

சண்டிகரில் சுக்னா ஏரிக்குப் போகிற வழியில், உடைசலையும் இடிபாட்டையும் வைத்துச் செய்த சிலைத் தோட்டமான ராக் கார்டனையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள், அரை நாள் ஒதுக்குங்கள்.

வயரிங் வேலை செய்கிறவன் நான். அதனால் ஃபியூஸ் கம்பி மாட்டுகிற பீங்கான் கட்டைகள், அதாவது ஃபியூஸ் கேரியர்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. பழைய வீட்டில் ஃபியூஸுக்குப் பதிலாக எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற சுவிட்ச்) மாட்டும்போது கழற்றிக் குப்பையில் போடுவோமே, அதே சாமான். இங்கே அதைச் சுவரில் வரிசை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். கிட்டே போனால் கம்பி நுழைகிற காடி, திருகாணித் துளை எல்லாம் தெரிகிறது. நாலடி தள்ளி நின்றால் பாய் பின்னியது மாதிரி இருக்கிறது.

இந்தத் தோட்டத்தைச் செய்த நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். சண்டிகர் நகரம் கட்டுவதற்காகக் கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாடுகளைச் சைக்கிளில் அள்ளி வந்து, கட்டடமே கட்டக்கூடாத காட்டு நிலத்தில் 1950களின் கடைசியிலிருந்து யாருக்கும் தெரியாமல் வேலை பார்த்திருக்கிறார். 1970களில் விஷயம் வெளியே வந்தபோது இடித்துவிடுவார்கள் போலத்தான் இருந்தது. ஜனங்கள் விடவில்லை. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்து, அவருக்குச் சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்தார்கள்.

என் மனசு நின்றது வளையல் பொம்மைகளிடம். உடைந்த கண்ணாடி வளையல்களை சிமெண்டில் நெருக்கிப் பதித்து உடுப்பாக்கியிருக்கிறார். பெயின்ட் அடித்த நிறமில்லை, வளையலின் சொந்தப் பச்சையும் சிவப்பும். வெயில் பட்டால் ஒவ்வொரு துண்டும் தனியாக மின்னுகிறது. இன்ன உடைசல் இன்ன இடத்துக்கு என்று பிரித்துப் பிரித்துச் சேர்த்த கை அது. கழிவுப் பொருளில் சிலை என்று சொல்லி இரும்பை ஒட்டவைத்து பெயின்ட் அடித்து நிறுத்துகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஊஞ்சல், கோணல் கண்ணாடி எல்லாம் இருக்கிற மூன்றாம் பகுதி பிள்ளைகளுக்கு. எனக்கு முதல் இரண்டு பகுதிகளே போதும்.

2025-ல் சாலையை அகலப்படுத்த இதன் சுவரில் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். இடிபாட்டை வைத்துக் கட்டியதை மறுபடியும் இடிபாடாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. மீதி இருப்பதையாவது போய்ப் பாருங்கள்.

வாசல்கள் பல, குனிந்து போகும்படி தாழ்வாக இருக்கும். படிகளும் உண்டு. முட்டிவலி உள்ள பெரியவர்களோடு போனால் காலை வெயில் ஏறுவதற்குள் நிதானமாகச் சுற்றுங்கள்.