எல்லை தாண்டிய வாழைத் தோட்டத்தில் 4,80,000 ரூபாயைத் தொலைத்தேன்

நேற்று மாலைதான் கேரள எல்லையிலுள்ள மீனாட்சிபுரத்திலிருந்து வெறுங்கையுடன் திரும்பினேன். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கோபாலபுரத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் நான், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் நிலம் பிடித்துக் கூட்டு விவசாயம் நடத்துவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம், மூன்று ஏக்கர் நேந்திரன் வாழைக்காக 4,80,000 ரூபாய் கொடுத்திருந்தேன்.

நம்பிய நேரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வரப்பில் உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்து, "அண்ணா, நீங்க பணம் மட்டும் போடுங்க, கிருஷி பவன் (கேரள வேளாண் அலுவலகம்) மானியமும் பயிர்க் காப்பீடும் உங்க பேர்லயே வரும்" என்று நம் தமிழிலேயே சொன்ன அந்த மேலாளர், முத்திரைத்தாளை நீட்டியபோது, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். காப்பீட்டுப் பிரீமியம் என்று தனியாக 12,000 ரூபாய் வாங்கியவர், அதற்கு ரசீதும் தரவில்லை.

கோடைக் காற்றில் குலை தள்ளிய மரங்கள் சாய்ந்தன. இழப்பீடு எங்கே என்று கேட்டால் முதலில் "ஃபைல் மேலே போயிருக்கு" என்றார்கள், பிறகு "ஓணம் கழியட்டும்" என்றார்கள், கடைசியில் தொலைபேசியையே எடுக்கவில்லை. நானே கிருஷி பவனுக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அந்த நிலத்துக்குக் காப்பீடே செய்யப்படவில்லை என்றார். என் பெயரில் எந்த விண்ணப்பமும் இல்லை.

இதில் என் அறியாமையும் உண்டு. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1963, புதிதாகக் குத்தகை உண்டாக்குவதையே தடை செய்கிறது. ஆகவே அங்கே வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவனுக்குப் பிடித்து நிற்க ஒரு காகிதமும் இருப்பதில்லை. மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம் தரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குத்தான். எனக்கு வருவது என் சொந்த நிலத்துக்காக. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று அவர்கள் அலுவலகம் பூட்டியிருந்தது. அந்தப் பக்கக் காவல் நிலையத்தில் "உங்கள் ஊரில் கொடுங்கள்" என்றார்கள், இந்தப் பக்கம் "சம்பவம் அங்கே" என்றார்கள். 4,80,000 ரூபாய் நடுவே நிற்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. கரம் (நிலவரி) கட்டிய ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மானியம் வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிரீமியம் கட்டப்பட்டதா என்று அலுவலகத்தில் நீங்களே நேரில் கேளுங்கள். எல்லையைக் காட்டிப் புகாரை மறுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள்; எந்த நிலையத்திலும் பதிய வேண்டும். நாளை காலை நானும் அதைச் சொல்லத்தான் போகிறேன்.