குட்டி அறை கிட்: ஏலத்துக்கு வைக்கலாமா?

குழந்தைகள் காப்பகத்துக்கு நிதி திரட்டும் ஏலத்தில் வைக்க ஒரு குட்டிப் படிப்பறை செய்யலாம் என்று இந்த 1:24 கிட்டை (நிஜ அளவில் 24-ல் ஒரு பங்கு) ஆன்லைனில் வாங்கினேன். லேசரில் வெட்டிய பிளைவுட் துண்டுகள் அருமை, பிசிறே இல்லை, விரலால் தள்ளினாலே கழன்று வருகின்றன. ஆனால் கூடவே தரும் பசை சுத்த வேஸ்ட். ஃபெவிகால் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் ஜன்னல் அக்ரிலிக் பக்கம் சூப்பர் குளூவைக் கொண்டுபோகவே வேண்டாம், ஆவி பட்டாலே வெள்ளையாகப் பூத்துவிடும். எல்இடி ஒயர் தலைமுடி மாதிரி மெல்லிசு. எரிகிறதா என்று சுவரை ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

2013-ல் லண்டனில் ஸாஹா ஹதீத் உட்பட 20 கட்டடக் கலைஞர்கள் பொம்மை வீடுகள் வடிவமைக்க, அவை மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக பான்ஹாம்ஸ் ஏல நிறுவனத்தில் ஏலம் போயின. அந்த அளவுக்கு வேண்டாம், ஆனால் கிட்டில் இருப்பதை அப்படியே ஒட்டி வைத்தால் யார் விலை கேட்பார்கள்? நான் தரைக்கு ஆத்தங்குடி ஓடு டிசைனை அச்சடித்து ஒட்டினேன், பழைய சுங்குடிச் சேலையில் திரை தைத்தேன். இந்த அளவில் ஏழடிக் கதவே மூன்றரை அங்குலம்தான், அதனால் பொடிப் புள்ளி உள்ள துணியாகப் பாருங்கள், பெரிய புள்ளி என்றால் கோலிக்குண்டு தொங்குவது போலத் தெரியும்.

ஐந்துக்கு மூன்றரை. பசைக்குத்தான் அந்தக் குறைப்பு.