பொட்டு காணாமல் போன படம்: எச்பி5 ஃபிலிமோடு ஆறு வருடம்

ஆறு வருடங்களுக்கு முன்னால் எனக்குக் கறுப்பு வெள்ளை மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய நிக்கான் எஃப்எம்2 கேமரா ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஒரு ரோல் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமைச் சும்மா கையில் வைத்தார். சும்மா வந்ததை வீணாக்குவானேன் என்று போட்டதுதான். இன்றைக்கு நெகட்டிவ் கோப்பில் நூறு ரோலுக்கு மேல் இருக்கிறது. நடுவில் கலர் போட்டது நாலைந்து முறை இருக்கும்.

அந்த முதல் ரோலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மதிய வெயிலில் எடுத்தேன். வேலை அப்போதுதான் முடிந்திருந்தது, வேறு நேரம் இல்லை. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஒரு மணி வாக்கில். அந்த நேரத்தில் கலர் படம் எடுத்தால் எல்லாம் வெளிறிப்போய், முகத்தில் கண்ணுக்குப் பதில் இரண்டு குழிதான் தெரியும். ஆனால் கடைவீட்டு ஐந்தடிப் பாதைக்குள், அதாவது கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதைக்குள் நின்று தெருவைப் பார்த்து எடுத்த படங்கள் வேறு மாதிரி வந்திருந்தன. தூண்களின் நிழல் தரையில் கறுப்புப் பட்டையாக விழுந்திருந்தது. கேம்பல் லேனில் பூ கட்டுகிற அம்மாவின் கை மட்டும் வெயிலில், மற்றதெல்லாம் இருட்டில். மல்லிகையின் ஒவ்வொரு மொக்கும் தனியாகத் தெரிந்தது. அதுவரை மதியம் வெளியே கேமராவை எடுக்காத ஆள் நான். இப்போது காலை ஏழு மணிக்கு எழுந்து "நல்ல வெளிச்சம்" தேடுகிற வேலையே இல்லை.

அதே ரோலில் கெர்பாவ் சாலையில் இருக்கும் டான் டெங் நியா வீடும் இருந்தது. 1900இல் கட்டிய வீடு, பலகைக்குப் பலகை ஒரு நிறம், எல்லாரும் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். என் படத்தில் அத்தனை நிறமும் நாலைந்து சாம்பலுக்குள் அடங்கிவிட்டது. முதலில் ஏமாற்றம்தான். அப்புறம் பார்த்தால் சன்னல் சட்டங்களின் வரிசை, மேலே செதுக்கு வேலை, எல்லாம் கண்ணில் பட்டன. நூறு தடவை அந்தப் பக்கம் போயிருப்பேன், அதுவரை கவனித்ததே இல்லை.

சரி, நிறம் சாம்பலாகும்போது என்ன ஆகும் என்பதை எனக்கு ஒழுங்காகப் புரியவைத்தது அம்மாதான். அந்த வருடத் தீபாவளிக்கு அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக் நடைவழியில் அம்மாவையும் அப்பாவையும் நிற்க வைத்து எடுத்தேன். அம்மா கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டுப்புடவை, அப்பா வெள்ளை வேட்டி. படம் வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "கரை எங்கேடா?"

கரை இருந்த இடத்தில் புடவையின் சாம்பலேதான் இருந்தது. பச்சையும் சிவப்பும் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரிந்தாலும், பிரகாசம் ஒன்றாக இருந்தால் ஃபிலிமுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பாவின் வேட்டி வேறு அழுக்காகத் தெரிந்தது. கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும், வெள்ளை வேட்டியையும் அப்படித்தான். மீட்டர் சொல்வதற்கு மேல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூடக் கொடுத்தால்தான் வேட்டி வேட்டியாக வரும்.

அடுத்த வருடம் தெளிவாகப் போனேன், சிவப்பு ஃபில்டரோடு, அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற நிறக் கண்ணாடியோடு. சிவப்பை வெளுக்க வைக்கும், பச்சையைக் கறுக்க வைக்கும். மூன்று ஸ்டாப் வெளிச்சம் தின்னும், அதாவது 400 வேக (ஐஎஸ்ஓ) ஃபிலிம் 50 மாதிரி ஆகிவிடும். நடைவழியில் அது பெரிய பாரமில்லை. அதே புடவையைக் கட்டச் சொன்னேன். கரை பளிச்சென்று வந்தது, அவ்வளவு அழகு. பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பா பக்கத்தில நிக்கிறார், நீ என் பொட்டை அழிச்சு வச்சிருக்கியே!"

நெற்றி வெறுமையாக இருந்தது. குங்குமம் சிவப்பு. புடவைக் கரையை வெளுத்த அதே ஃபில்டர் பொட்டையும் வெளுத்து, நெற்றியோடு கரைத்துவிட்டது. அந்தப் படம் இன்றுவரை எங்கள் வீட்டுச் சுவரில் ஏறவில்லை, ஏற்றவும் எனக்கு மனசில்லை. வெளியூர்க்காரர்கள் ஃபில்டர் பற்றி எழுதுவதையெல்லாம் படித்திருக்கிறேன். வானம், மேகம், இலை எல்லாம் சொல்வார்கள். பொட்டைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

விடை பச்சை ஃபில்டர். இரண்டு ஸ்டாப் போகும். புடவை வெளுக்கும், கரை கறுக்கும், பொட்டும் கறுப்பாக எடுப்பாக நிற்கும். முகம் ஒரு சாயல் கறுத்துத் தெரியும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் கொடுக்கிறேன். மூன்றாவது தீபாவளிப் படம் இப்போது சுவரில் இருக்கிறது. வாங்க நினைப்பவர்களுக்கு: நிக்கானின் சின்ன லென்ஸ்களுக்கு ஃபில்டர் அளவு பெரும்பாலும் 52 மிமீ, பழைய ஃபில்டர் சல்லிசாகக் கிடைக்கும்.

இனி ஃபிலிம் கழுவுகிற கதை. வெளியே கொடுத்த ஒரு ரோல் முழுநீளக் கீறலோடு திரும்பி வந்தது. அதிலிருந்து வீட்டிலேயே செய்கிறேன். ஐடி-11 டெவலப்பர் கரைசலை மேலும் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே பயன்படுத்தினால், 20 டிகிரியில் ஏழரை நிமிடம். எங்கள் குழாய்த் தண்ணீரோ 28, 29 டிகிரி. அதனால் ஒவ்வொரு முறையும் வாளியில் ஐஸ்கட்டி. "மருந்தை" ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று வீட்டில் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைவிடப் பெரிய தொல்லை, ஃபிலிமை ரீலில் ஏற்றுவது. வெளிச்சம் படக்கூடாது என்பதால் கறுப்புப் பைக்குள்தான் செய்ய வேண்டும், அதற்குள் கையை விட்ட ஐந்தாவது நிமிடத்தில் உள்ளங்கை வேர்க்கும். பிளாஸ்டிக் ரீலில் ஈரம் பட்டால் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. இழுத்தால் கிழியும், விட்டால் வேலை நடக்காது. இப்போது ரீலை நன்றாகக் காயவைத்து, ராத்திரி ஏர்கான் போட்ட அறையில்தான் இந்த வேலை. லென்ஸில் ஒருமுறை பூஞ்சை பிடித்த பிறகு, ஈரம் உறிஞ்சும் அலமாரியும் வாங்க வேண்டியதாகிவிட்டது. ஃபிலிம் செலவைப் பேசுகிறவர்கள் இந்தச் செலவைச் சொல்வதில்லை.

ஃபிலிமைப் பற்றிக் குறை சொல்லவேண்டுமானால், படத்தில் மணிமணியாகத் தெரியும் பொடி (கிரெயின்) சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். தீபாவளி விளக்குகள் போட்ட சிராங்கூன் சாலையில் ஃபிலிம் வேகத்தை 1600 என்று வைத்து எடுத்து, 14 நிமிடம் கழுவினேன். நிழல் முழுக்கக் கறுத்துவிட்டது, ஆனால் கூட்டத்தின் முகங்கள் நின்றன. விலைதான் உறுத்துகிறது. ஒரு ரோல் காசில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடலாம், 36 படம்தான். டிஜிட்டலிலேயே கறுப்பு வெள்ளை எடுக்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம், கரையையும் பொட்டையும் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம். நானும் முதலில் அதையே பரிந்துரைப்பேன். எனக்கு மட்டும், எடுக்கும்போதே யோசிக்கிற இந்த வழி ஒட்டிக்கொண்டுவிட்டது.

போன தீபாவளிக்குக் கேமராவோடு போய் நின்றேன். அம்மா அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளிருந்தே குரல் கொடுத்தார்: "இன்னைக்கு எந்தக் கண்ணாடிடா மாட்டியிருக்கே, பச்சையா சிவப்பா? அதைச் சொல்லு, அப்புறம் புடவை எடுக்கிறேன்."