பேக்ட் ப்ரீ: பேஸ்ட்ரிக்குள்ளா, வெறுமனேயா?

அமெரிக்காவில் நவம்பர், டிசம்பர் வந்துவிட்டால் வீட்டு விருந்துகளில் சாப்பாட்டுக்கு முன்பு வரும் தட்டுகளில் ஒன்று பேக்ட் ப்ரீ. ப்ரீ என்னும் மென்மையான, வட்டமான பிரெஞ்சு சீஸை பேக்கிங் அவனில் இளக வைத்து, மேலே கிரான்பெரியோ ஆப்ரிகாட்டோ இனிப்புப் பாகாக ஊற்றுவார்கள். பஃப் பேஸ்ட்ரி என்னும் அடுக்கு மாவுத் தகட்டில் பொட்டலமாகச் சுற்றி பேக் செய்வது ஒரு வழி. சீஸை அப்படியே சின்னப் பீங்கான் பாத்திரத்தில் வைத்து பேக் செய்வது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் வெறும் ப்ரீக்கு மாறிவிட்டேன்.

அழகு பேஸ்ட்ரிக்குத்தான், அதில் பேச்சே இல்லை. நேரம் வெறும் ப்ரீக்குச் சாதகம்: 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 முதல் 15 நிமிடம். பேஸ்ட்ரி பொன்னிறமாக 400 டிகிரியில் அரை மணி நேரம் ஆகும்.

ஆனால் என்னை மாற்றியது ஆறிய பிறகு நடக்கும் கதை. ப்ரீ சூடாக இருக்கும்வரைதான் வழியும். ஆற ஆற இறுகிவிடும். நம்மவர்கள் விருந்தில் ஏழு மணி என்றால் முதல் கார் எட்டுக்கு வரும், கடைசி கார் ஒன்பதுக்கு. வெறும் ப்ரீ என்றால் பாத்திரத்தோடு ஐந்து நிமிடம் மறுபடி அவனில் வைத்தால் போதும், பழையபடி இளகிவிடும். ஓரத்தோல் கிழியாமல் இருந்தால் பாதி தின்ற பிறகுகூடச் சூடாக்கலாம். ரொம்ப நேரம் விட்டால் மட்டும் எண்ணெய் பிரிந்து ரப்பராகும். பேஸ்ட்ரியில் இந்த வசதி கிடையாது. அவனிலிருந்து எடுத்ததும் வெட்டினால் சீஸ் குழம்பாக ஓடும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். வெட்டிய பிறகு மறுபடி சூடாக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் தட்டுக்கு வந்து, அடிமாவு ஊறிப்போகும். அதாவது எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும்.

பாகும் அப்படித்தான். பேஸ்ட்ரிக்குள் ஜாமை முதலிலேயே வைத்து மூடிவிடுகிறோம். சூட்டில் அது தண்ணீராகி, மடிப்பில் எங்கே இடைவெளி என்று தேடி வெளியே வந்து கருகும். வெறும் ப்ரீக்குப் பாகைத் தனியே காய்ச்சிக் கடைசியில் ஊற்றலாம். ஒரு கப் கிரான்பெரி, கால் கப் சர்க்கரை, கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு; பழம் வெடித்துப் பத்து நிமிடத்தில் தானாகவே கெட்டியாகும், பாகைக் கெட்டியாக்கும் பெக்டின் அதில் அவ்வளவு இருக்கிறது. நான் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் சேர்ப்பேன். ஆப்ரிகாட் ஜாம் என்றால் எலுமிச்சை பிழிந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் வெறும் தித்திப்பு.

ப்ரீக்குப் பதில், அதே மாதிரி மென்மையான கமம்பேர் சீஸைச் சிலர் சொல்வார்கள். மரப்பெட்டியோடு அவனில் வைக்கலாம் என்பது உண்மையிலேயே வசதி. ஆனால் சூடானதும் வரும் காளான், முட்டைக்கோஸ் வாடை பழப் பாகோடு சண்டை போடுகிறது. பூண்டும் ரோஸ்மேரியும்தான் அதற்குச் சேரும் என்பது என் நாக்கின் தீர்ப்பு. அதிகம் செய்து பார்த்ததில்லை. பஃப் பேஸ்ட்ரிக்குப் பதில் ஃபைலோ என்னும் மெல்லிய மாவுத்தாளைச் சுற்றுவது பற்றியும் எனக்கு அனுபவம் இல்லை.

விலை உயர்ந்த ப்ரீ தேட வேண்டாம். பச்சைப் பாலில் செய்த சீஸ் 60 நாளாவது பழுக்காமல் இங்கே விற்கக் கூடாது என்பதால், கடையில் இருப்பது பெரும்பாலும் பாஸ்டுரைஸ் செய்த பாலில் ஆனதுதான். ஜாமுக்கு அடியில் அந்த மென்மையான வெண்ணெய்ச் சுவையே போதும். சைவ விருந்தினர் உண்டென்றால் பாலைத் திரளவைக்கும் ரென்னெட் எந்த வகை என்று லேபிளில் பாருங்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிரிலிருந்து எடுப்பதும் உண்டு.

ஆறேழு பேர், எல்லோரும் மேசையில் உட்கார்ந்தாயிற்று என்றால் பேஸ்ட்ரி செய்யலாம், தப்பில்லை. மேலே முட்டைக்குப் பதில் பால் தடவினாலும் நிறம் வரும், கொஞ்சம் மங்கலாக.